நோவாவின் ஆசைப் பூட்டி

சுரேந்திரன், உன் அம்மா தன் நினைவு மலரைத் தானே வாசித்துக்கொண்டிருந்ததை நீ ரொறன்ரோவில் இருந்து கமராவில் பார்த்துக்கொண்டிருந்தாய். அவருக்கு நீ தொலைபேசி எடுக்கவில்லை. எனக்கு எடுத்தாய்.

இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

போன கிழமைப் பத்தியை, எங்கள் அச்சகத்துக் கூரைத் தகரத்தைக் காற்றுத் தூக்கிக்கொண்டு போனதோடு நிறுத்தியிருந்தேன். தகரம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். இந்தக் கிழமை என்னால் அதை எழுத முடியாது.

வாசலில் நின்றவர்

மழை விட்ட ஒரு காலை. கொடிகாமம் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றி வந்த லொறிகள் ஒழுங்கையைச் சேறாக்கி வைத்திருந்தன. நான் கடையைத் திறந்து, கணினியைப் போட்டுவிட்டு, பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். நாகேசக்கா.

கையில் ஒரு புடைவைக்கடைப் பை. பைக்குள் நான் அனுப்பிய கடித உறை, உறைக்குள் மலர்த் தாள்கள். ‘அமரர் திருமதி நாகேஸ்வரி’ என்று தடித்த எழுத்தில் அடித்து, சுற்றிவரப் பூ வேலை போட்டு, நடுவில் அவருடைய படத்தை வைத்தவள் நான். அந்தப் படத்தில் இருந்தவர் இப்போது என் கடை வாசலில் நின்று செருப்புச் சேற்றைச் சாக்கில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, உதிலை பிழை கிடக்கு.”

பிளேன்ரீ என் கையில் ஊற்றுப்பட்டது. சுட்டது பிறகுதான் தெரிந்தது. நான் கூப்பிட முதல் அவரே உள்ளே வந்து, வாங்குப் பலகையில் இருந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“கையைத் தண்ணிக்குள்ளை வை,” என்றார்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதும் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி. அதுதான் நினைவு மலர். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் அதை அடித்துக் கொடுக்கிறேன். கலியாண அழைப்புக் காட்டும் அடிப்பேன். ஆனால் என் கடையை நடத்துகிறவர்கள் செத்தவர்கள்தான்.

நாகேசக்காவுக்கு மலர் அடித்தேன். நாகேசக்கா சாகவில்லை.

கச்சாய் வீதி வளவு

நான் அளவெட்டிக்காரி. தொண்ணூற்றைந்தில், சண்டைக்காலப் பெரிய இடப்பெயர்வில் வலிகாமம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் வீடும் நடந்தது. அப்பா சைக்கிளில் தையல் மெசினைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா ஒரு கையில் அரிசிப் பையும் மறு கையில் என் தம்பியையும் பிடித்திருந்தார். நான் ஏன் என்று தெரியாமல் ஒரு சுவர் மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது ஓடாத மணிக்கூடு.

கச்சாய் வீதியில் பலாமரம் சூழ்ந்த ஒரு வீட்டு வளவு. வேலிப் படலை திறந்து கிடந்தது. அது நாகேசக்காவின் வளவு.

அவர் அப்போது சந்தையில் பலாப்பழம் விற்கிறவர். புருஷன் இல்லை. ஒரே மகன் சுரேந்திரன் அதற்குக் கொஞ்சம் முந்தித்தான் கனடாவுக்குப் போயிருந்தான். எங்களை ஆர், எவர், எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. பலாக்கொட்டையை அவித்து, உப்புப் போட்டு, வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார். சூட்டில் இலை கறுத்துச் சுருண்டது.

“உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்,” என்றார் என் அம்மா.

“என்ரை பெடியனும் எங்கையோ ஒரு வளவிலை நிப்பான். அவனுக்கும் ஆரும் குடுப்பினம்.”

ஆறு மாதம் அங்கே நின்றோம். பிறகு வீட்டார் அளவெட்டிக்குத் திரும்பினார்கள். எனக்குக் கொடிகாமத்தில் ரைப் அடிக்கிற வேலை கிடைத்தது. நான் நின்றுவிட்டேன்.

அந்த மனுசிக்குத்தான் ‘அமரர்’ என்று அடித்தேன். அடிக்கும்போது என் விரல் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையில் மிச்சம் எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

அடைமொழியில் தெரியும் வீடு

இத்தனை வருடம் இந்தத் தொழில் செய்ததில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். மலரில் உறவு சொல்லும் பகுதியை வாசித்தால் அந்த வீட்டுக்குள் போகாமலே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவேன்.

‘அன்பு’ எல்லோருக்கும் பொது. அன்பு மனைவி, அன்பு மாமியார், அன்பு மைத்துனி. யாருக்கும் நோகாது. ‘பாசமிகு’ தாய் தகப்பனுக்கு. ‘ஆசை’ பேரன் பேத்திக்கு, அதாவது அவர்களுடைய அப்பம்மா, அம்மம்மாவுக்கு, கொள்ளுப்பேரர் இருந்தால் பூட்டிக்கும். ‘அருமை’ பெரும்பாலும் தம்பி தங்கச்சிமார் கேட்டு வாங்குவது.

‘மதிப்பிற்குரிய’ என்று ஒரு மருமகள் எழுதச் சொன்னால், இரண்டு பேருக்கும் கனகாலமாகக் கதைபேச்சு இல்லை என்று அர்த்தம். ‘போற்றுதற்குரிய’ என்று வந்தால் செத்த மனிதர் வீட்டில் இருந்ததைவிடக் கூட்டங்களில் இருந்ததுதான் அதிகம்.

ஒருமுறை ஒரு பெண் வந்தார். புருஷனின் மலர். ‘அன்புக் கணவர்’ என்று நான் வழமைபோல அடித்திருந்தேன். பேனையை வாங்கி ‘அன்பு’ என்பதை வெட்டினார்.

“வேறை என்ன போடுறது?” என்று கேட்டேன்.

“கணவர் எண்டு போடும். அது பொய்யில்லை.”

அப்படியே அடித்தேன். நான் அடித்ததில் நேர்மையான மலர் அதுதான்.

சண்டைக் காலத்தில் பேப்பர் கிடைக்காது. பழைய பள்ளிக்கூடச் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் அறிவித்தல் அடித்துச் சந்தியில் ஒட்டினோம். பெயர், ஊர், எத்தனை மணிக்கு எடுப்பது. மூன்று வரி. அடைமொழி போட இடம் இல்லை. சனம் வந்தது. அழுதது. தோளில் தூக்கியது.

இப்போது முப்பத்திரண்டு பக்கம் அடிக்கிறோம், வழுவழுத் தாளில், கலரில்.

சோற்றில் இருந்து எழும்பியவர்

என் கடைச் சுவரில் ஒரு விதி ஒட்டியிருக்கிறது. ‘புரூப் வீட்டுக்குப் போகாமல் அச்சுக்குப் போகாது.’

அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கடை தொடங்கிய புதிதில் ஒரு மலரில் இறந்தவரின் மைத்துனர் ஒருவரின் பெயரை விட்டுவிட்டேன். எழுதித் தந்தவர்கள் விட்டது. நானும் கேட்கவில்லை. முப்பத்தொண்டுப் பந்தியில் அந்த மனிதர் மலரைப் பிரித்தார். சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழும்பிப் போனார். இரண்டு வீட்டாரும் இன்றைக்கும் நன்மை தீமைக்குப் போய்வருவதில்லை. உயிரோடு இருப்பவன் பெயரைப் பட்டியலில் விட்டுவிட்டால் அவனைச் சாகடித்ததற்குச் சமம் என்று எங்கள் சனம் நினைக்கிறது.

அன்றிலிருந்து ஒரே பழக்கம். புரூப்பைத் தாளில் எடுத்து, உறையில் போட்டு, ‘வீட்டில் உள்ள மூத்தவர் பார்த்துத் திருத்தவும்’ என்று எழுதி அனுப்புவேன். வட்சப்பில் வெளிநாட்டுக்கும் போகும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உறவுமுறை தெரியாது. வீட்டில் இருக்கிற மூத்தவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பழக்கம்தான் இந்த முறை என்னைக் கவிழ்த்தது.

லீவு கிடைக்காதவன்

சுரேந்திரன் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு. திரும்பிப் போக இரண்டு நாள் இருக்கும்போது என் கடைக்கு வந்தான். நல்ல சேட், நல்ல வாசம். பெரிய ஆளாகிவிட்டான், தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டவுடன் கும்பிட்டான்.

“அக்கா, ஒரு மலர் அடிக்கோணும்.”

“ஐயோ, ஆருக்குத் தம்பி?”

“அம்மாவுக்கு.”

நான் விளங்காமல் பார்த்தேன். முதல் நாள்தான் நாகேசக்காவைச் சந்தையில் கண்டிருந்தேன். கத்தரிக்காய்க்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“இப்ப இல்லை அக்கா. நடந்தால் எண்டு சொல்லுறன். அப்பிடியொண்டுக்கு எனக்கு மூண்டு நாள் லீவுதான் தருவாங்கள். முப்பத்தொண்டுக்கு நிக்கேலாது. எல்லாம் ரெடியா இருந்தால், திகதியை மட்டும் போட்டு அடிச்சுக் குடுக்கலாம். நீங்கள் இருக்கிறியள்தானே.”

நீ இப்படித்தான் சொன்னாய், சுரேந்திரன். ‘நீங்கள் இருக்கிறியள்தானே.’

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனைக் குடையால் அடித்து வெளியே துரத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கொப்பியை எடுத்து, “எத்தினை பிரதி?” என்று கேட்டேன். முந்நூறு என்றான். எழுதினேன்.

எனக்கு அப்போது அதிர்ச்சியே வரவில்லை. முன்னும் ஒன்றிரண்டு பேர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு. படியேறி இறங்குகிற, சண்டை பிடிக்கிற மனுசிக்கு இதுதான் முதல் தடவை. அந்த வித்தியாசம்கூட எனக்கு உறைக்கவில்லை.

ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்து எழுதி அனுப்பினான். பெயர்ப் பட்டியலும் வந்தது. அடித்தேன். ‘மலர்வு’ என்பதற்குப் பக்கத்தில் அவர் பிறந்த திகதி. ‘உதிர்வு’ என்பதற்குப் பக்கத்தில் புள்ளிகள்.

பிறகு புரூப் எடுத்தேன். உறையில் போட்டேன். ‘வீட்டில் உள்ள மூத்தவர் பார்த்துத் திருத்தவும்’ என்று எழுதினேன். விலாசம் எழுதினேன். அந்தப் பக்கம் வீட்டுக்குப் போகிற ஓட்டோக்கார அருளண்ணையிடம் கொடுத்தேன்.

அந்த வீட்டில் மூத்தவரும் அவர்தான், இளையவரும் அவர்தான். அங்கே வேறு ஆள் இல்லை.

“மூண்டாம் பக்கம் பிரட்டிறா”

பின்னேரம் கடை பூட்டுகிற நேரம். தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவில் அப்போது காலை.

“அக்கா, நீங்கள் அம்மாவுக்கு என்னத்தை அனுப்பினனீங்கள்?”

“எந்த அம்மாவுக்கு?”

“என்ரை அம்மாவுக்கு! கதிரையிலை இருந்து வாசிச்சுக்கொண்டிருக்கிறா. இப்ப மூண்டாம் பக்கம் பிரட்டிறா.”

திருவிழாவுக்கு வந்தபோது விறாந்தை மூலையில் கமரா பூட்டிவிட்டுப் போயிருந்தான். அம்மா விழுந்தால் தெரியவேண்டும் என்று.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாங்கில் இருந்துவிட்டேன்.

“தம்பி, உடனை அவவுக்கு எடும். எடுத்துக் கதையும்.”

“என்னெண்டு கதைக்கிறது? நீங்கள் போய் அதை வாங்குங்கோ. வேறை ஆரோ நாகேஸ்வரியின்ரை மாறி வந்திட்டுது எண்டு சொல்லுங்கோ.”

“படம் அவவின்ரை தம்பி!”

குரலைக் குறைத்துச் சொன்னான்.

“கண்ணாடியைக் கழட்டுறா... துடைக்கிறா... திரும்பப் போடுறா.”

“சுரேன், வைச்சிட்டு அவவுக்கு எடு!”

“பேனை எடுக்கிறா அக்கா.”

நான்தான் தொலைபேசியை வைத்தேன்.

நான் போனேனா? போகவில்லை. பயம். வீட்டுக்குப் போய்ப் புட்டும் சம்பலும் சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

தட்டிப் பார்த்தவர்

மறுநாள் காலை, நாகேசக்கா என் கடை வாங்கில் இருந்தார். நான் கையைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தாளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் நீலப் பேனைக் கோடு.

“என்னைப் பெத்த ஐயான்ரை ஊர் வரணி இல்லை, உசன். மாத்து.”

“ஓம் அக்கா.”

“இந்தப் படம் வேண்டாம். அடையாள அட்டைக்கு எடுத்தது. உயிரோடை இருக்கேக்கையே செத்தவள் மாதிரி.”

“அக்கா, நான்...”

“பொறு.”

அட்டையைக் காட்டினார். ‘உதிர்வு’ என்பதற்குப் பக்கத்தில் நான் விட்ட புள்ளிகளின் மேல், குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: ‘இன்னும் இல்லை.’

நான் அழத் தொடங்கினேன். அவர் அழவில்லை.

வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்தை எடுத்தார். சுரேந்திரன் எழுதியது. ‘எங்கள் அருமை அம்மா விலைமதிக்க முடியாத மாணிக்கம். அவரின் பெறுமதியை அளவிட வார்த்தைகள் இல்லை. அவரை உயிராய் மதித்தோம், கண்ணாய்ப் பேணினோம், தெய்வமாய்ப் போற்றினோம்.’

அவர் நடுவிரலை மடக்கித் தாளைத் தட்டினார். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டுவது போல. நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். காதைக் கிட்டக் கொண்டுபோய் ஒரு தட்டு. பழுத்தது மொத்தென்று கேட்கும். காய் கணீரென்று கேட்கும்.

“கணீரெண்டு கேக்குது பிள்ளை. காய்.”

“அக்கா, எல்லா மலரிலையும் உப்பிடித்தான் எழுதுறவை.”

“எல்லாரும் செத்தாப்பிறகு வாசிக்கிறேல்லை. நான் வாசிச்சிட்டன். விலைமதிக்க முடியாத எண்டு போட்டிருக்கிறான். விலை சொல்லேலாத சாமானைச் சந்தையிலை என்ன செய்வினம்? ஒரு மூலையிலை வைப்பினம். ஆரும் தொடாயினம்.”

“பெறுமதி எண்டு...”

“பெறுமதி பழத்துக்குள்ளை கிடக்கிறது. வெட்டினால்தான் தெரியும். உவன் வந்து ரெண்டு கிழமை நிண்டவன். நாலு நாள் கொழும்பு, மூண்டு நாள் சிநேகிதன் வீடு, மிச்சம் போன். எந்த நேரம் வெட்டிப் பாத்தவன்?”

அவர் அடுத்த கோட்டில் விரலை வைத்தார்.

“மதித்தோமாம். மதிப்பு எண்டால் என்ன வசந்தி? கேட்டுச் செய்யிறது. கிணத்தடி வேம்பைத் தறிக்கேக்கை என்னைக் கேட்டவனே? கமரா பூட்டேக்கை கேட்டவனே? மேலுக்கு ஏறிப் பூட்டிப்போட்டு, ‘அம்மா இனி நீங்கள் பயப்பிடத் தேவையில்லை’ எண்டான். நான் அதுக்கு முதல் பயப்பிடேல்லை. இப்பதான் உடுப்பு மாத்தப் பயமாக் கிடக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது. அவரும் சிரித்தார். பல் இல்லாத பக்கம் தெரிந்தது.

“பேணுறது தினச் சோலி. நான் மாடு வளத்தனான். காலமையும் பின்னேரமும் கிட்டப் போய்க் கையாலை தடவோணும். தூர நிண்டு பாத்தால் மாடு பால் தராது. போற்றுறதைக் கோயிலுக்கு விடு, அதை ஐயர் பாத்துக்கொள்ளுவார்.”

ஒவ்வொரு சொல்லாக வெட்டப்பட்டிருந்தது. ‘அருமை’ மட்டும் வெட்டப்படவில்லை.

“உதை ஏன் அக்கா விட்டனீங்கள்?”

“உது சரி. அருமை எண்டது லேசிலை கிடையாதது. மார்கழியிலை பலாப்பழம் மாதிரி. நான் அவனுக்கு அருமையோ தெரியாது. அவன் எனக்கு அருமைதான். ஆறு வருசத்துக்கு ஒருக்காத்தானே காய்க்கிறான்.”

பிறகு அவர் கடைசித் தாளை எடுத்தார். உறவுப் பட்டியல். அதைத்தான் பேசுவதற்கு வந்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. விரல் ஒரு வரியில் போய் நின்றது.

‘அபிநயாவின் அன்பு அப்பம்மாவும், நோவாவின் ஆசைப் பூட்டியும் ஆவார்.’

“இந்த நோவா ஆர்?”

“எனக்குத் தெரியாதக்கா. தம்பி எழுதித் தந்ததை அடிச்சனான்.”

“அபிக்குப் பிள்ளையோ?”

“பூட்டி எண்டால்... அப்பிடித்தானே அக்கா.”

“ஆம்பிளைப் பிள்ளையோ பொம்பிளைப் பிள்ளையோ?”

“தெரியாது.”

“எத்தினை வயது?”

“தெரியாது அக்கா.”

“அப்ப நீ என்னத்தை அடிச்சனீ?”

நான் கொப்பியைப் பிரட்டினேன். ‘முந்நூறு பிரதி’ என்று மட்டும் இருந்தது.

“ஆசைப் பூட்டியாம். ஆசையெண்டால் தூக்கிப் பாக்கோணும். மணந்து பாக்கோணும். கண்ணாலை காணாத பிள்ளைக்கு, பேர்கூடக் கேள்விப்படாத பிள்ளைக்கு, நான் எப்பிடி ஆசைப் பூட்டி?”

சந்தையில் யாரோ வெங்காயம் கூவிக்கொண்டிருந்தான். பேருந்து நடத்துநர் சாவகச்சேரி, சாவகச்சேரி என்று கத்தினான். ஒரு மனுசி, தனக்கு ஒரு பூட்டப்பிள்ளை இருக்கிறது என்பதைத் தன் சாவு மலரில் வாசித்து அறிந்திருக்கிறார்.

நான் தொலைபேசியை எடுத்தேன். அங்கே நடுச்சாமம் என்று தெரியும். முதல் மணியிலேயே எடுத்தான். நித்திரை கொள்ளவில்லை. சத்தம் வெளியே கேட்கப் போட்டு மேசையில் வைத்தேன்.

“நோவா ஆரடா?”

“அம்மா... அம்மா நீங்கள் அக்கான்ரை கடையிலையோ?”

“நோவா ஆர்?”

“அபியின்ரை பிள்ளை.”

“அபி எப்ப கலியாணம் கட்டினவள்?”

“கட்டேல்லை அம்மா. சேந்து இருக்கினம். அந்தப் பெடியன் எங்கடை ஆக்கள் இல்லை. உங்களுக்கு விருப்பமிராது எண்டு...”

“என்னட்டைக் கேட்டனியே, விருப்பமோ இல்லையோ எண்டு?”

“நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு நினைச்சம் அம்மா.”

“அப்ப செத்தாப்பிறகு தாங்குவனோ?”

நான் இடையில் விழுந்தேன். “தம்பி, மறைக்கிறதெண்டால் ஏன் மலரிலை போட்டனீர்?”

“பிள்ளையின்ரை பேரை விட்டால் அபி கோவிப்பாள் அக்கா. இஞ்சை எல்லாருக்கும் தெரியும். மலர் இஞ்சையும் வரும்தானே.”

அதாவது ரொறன்ரோவுக்குத் தெரியலாம். முப்பத்தொண்டுக்கு வருகிற முந்நூறு பேருக்குத் தெரியலாம். பந்தியில் பாயாசம் குடிக்கிறவனுக்கும் தெரியலாம். நாகேசக்காவுக்கு மட்டும், அவருக்கு மூச்சு இருக்கும் வரைக்கும், தெரியக்கூடாது. அந்தப் பிள்ளை வெளியே வருவதற்கு இவர் சாகவேண்டும்.

“ஆரைக் கட்டினால் எனக்கென்னடா,” என்றார் நாகேசக்கா. குரல் இறங்கிவிட்டது. “பிள்ளை பெடியனோ பெட்டையோ? அதைச் சொல்லு.”

“அம்மா, நான் பிறகு எடுக்கிறன்.”

வைத்துவிட்டான்.

நாகேசக்கா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாள்களை அடுக்கினார். பட்டியல் தாளை மட்டும் மடித்து மார்புச் சட்டைக்குள் வைத்தார். குடையை எடுத்தார்.

“வாறன் பிள்ளை.”

சாவீட்டில் இருந்து போகிறவர்கள் ‘வாறன்’ என்று சொல்வதில்லை. அவர் வாசல்படியில் நின்று இன்னொரு தரம் சொன்னார்.

கமராவுக்குக் காட்டிய தாள்

ஒரு கிழமை கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். முதலிலேயே போயிருக்கவேண்டிய வீடு. தேத்தண்ணி தந்தார். கமரா இருந்த மூலையைப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு தாள் தொங்கியது, நூலில் கட்டி. எழுத்துள்ள பக்கம் கமராவைப் பார்த்தபடி.

கதிரையில் ஏறிப் பார்த்தேன். என் கடைத் தாள். ‘நோவாவின் ஆசைப் பூட்டி’ என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“வேறை ஒண்டும் தெரியாது அவனுக்கு,” என்றார். “எந்த நேரம் பாத்தாலும் உதுதான் தெரியும். வாசிக்கட்டும்.”

“போன் எடுத்தவனே அக்கா?”

“இல்லை.”

இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் எடுக்கவில்லை. அவர் அவனுக்கு எடுத்தாலும் மணி மட்டும் அடிக்கிறது. அபியின் இலக்கம் அவரிடம் இல்லை. என்னிடமும் இல்லை. வட்சப்பில் நான் அனுப்பிய செய்திகளுக்குக் கீழே பார்த்ததற்கான நீலக்கோடு விழுந்திருக்கிறது. பார்ப்பதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

இதை எழுதலாமா என்று நாகேசக்காவிடம் கேட்டேன். பத்திரிகை, ஊர் முழுக்க வாசிக்கும், பேரை மாற்றுகிறேன் என்று சொன்னேன்.

“ஏன் மாத்துறாய்? என்ரை சாவை முந்நூறு பேருக்குக் குடுக்க அடிச்சனீங்கள். நான் கேக்கிறதையும் அந்த முந்நூறு பேரும் கேக்கட்டும். பேரோடை எழுது. என்ரை பேரை, அவன்ரை பேரை, உன்ரை பேரை.”

என் பேர் வசந்தி. உயிரோடு இருக்கும் மனுசிக்கு ‘அமரர்’ என்று அடித்தவள். அந்த மலர் என் கடையில் அச்சுக்குப் போகாது. அவர் உயிரோடு இருக்கும்போது நீ அவருக்குச் சொல்லாத எதையும் அவர் இறந்த பிறகும் நான் அடிக்கமாட்டேன். வேறு கடைக்குப் போ. போகிற கடைக்கெல்லாம் இந்தப் பத்திரிகையும் போகும்.

சுரேந்திரன், உன் அம்மா உன்னிடம் மாணிக்கம் கேட்கவில்லை. தெய்வம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். நோவா பெடியனா, பெட்டையா? அதற்குப் பக்கத்தில் என்னுடைய கேள்வி: அந்தப் பிள்ளையின் முகத்தை அவருக்கு எப்போது காட்டப் போகிறாய்?

எனக்கு எழுதாதே. காதுக்குள் சொல்லாதே. இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுது, உன் பெயர் போட்டு, ஊர் பார்க்க. உன் அம்மா கண்ணாடி போட்டு, ஒரு எழுத்தும் விடாமல் வாசிப்பார். அது உனக்குத் தெரியும், பார்த்தாய்தானே.

பதில் எழுது.